வேளை தவறாத மாத்திரை

அருப்புக்கோட்டைத் தண்ணீர் எனக்குப் பிடிக்கும். திருச்சுழியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. வெந்தாலும் நாக்கில் ஒரு சவர்ப்பு நிற்கும். சற்று முன் நீங்கள் கொடுக்கச் சொன்ன தம்ளர் தண்ணீர் தித்திப்பாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடத் தோன்றியது.

நீங்கள் எடுத்துச் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது, ஜட்ஜ் அம்மா. நான் எதையும் சொல்லியாக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. சொன்னால் அது எனக்கே எதிராகத் திரும்பும். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கூட்டி வந்த போலீஸ்காரப் பெண் பஸ் ஸ்டாண்டில் இட்லி வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், உங்கள் குமாஸ்தா எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் சண்முகவடிவு. என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன். அவரும் அவருடைய தம்பி ராம்குமாரும் கரி வியாபாரம் செய்கிறார்கள். சுற்றுவட்டக் கிராமங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு எரித்த கரியை வாங்கி, மூட்டை பிடித்து, வெளியூருக்கு லோடு அனுப்புகிற வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே மூட்டைகளை அடுக்குகிற கிட்டங்கி. கொடியில் காயப்போடும் துணியில் சாயங்காலத்துக்குள் கருப்பு படிந்துவிடும். நான் வெள்ளைச் சேலை வாங்குவதை விட்டு எவ்வளவோ காலமாகிறது.

இறந்துபோன பிரவீணா ராம்குமாரின் மனைவி. எனக்கு ஓரகத்தி. காரியாபட்டிப் பெண், மதுரைக்குப் போய் காலேஜ் படித்தவள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், ஒரே அடுப்புதான். அவளைப் பற்றி ஒரு குறையும் என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். எழுந்ததும் வாசல் தெளிப்பாள். என்னைக் கேட்காமல் குழம்புக்குப் புளி கரைக்க மாட்டாள். நான் கோபமாக இருக்கிற நாளில் எனக்கு முன்னால் வராமல் வேலைகளை முடித்து வைத்திருப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்து கரித்தூசியில் புழங்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு வீசிங் என்கிற மூச்சிளைப்பு வந்தது. அதற்கும் அவள் யாரையும் நொந்துகொண்டதில்லை.

எனக்கு ஒரே மகள், சுகப்பிரியா. அவள் பிறந்தபோது நான் செத்துப் பிழைத்தேன். இனிமேல் பிள்ளை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இருப்பதை நன்றாக வளர்ப்போம் என்று வளர்த்தேன். அவளுக்குத் தலை வாருவது, கணக்குப் பாடத்துக்குப் பக்கத்தில் உட்காருவது, பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் பேசவில்லை என்று கேட்பது, எல்லாம் நான்தான். பிரவீணா வந்த பிறகு ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போனது. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. நான் வாரினால் இறுக்கமாக இருக்கிறதாம், சித்தி வாரினால் வலிக்கவில்லையாம். எனக்குத் தெரியாத கணக்கு சித்திக்குத் தெரிந்தது. நான் அடுப்படியில் நிற்கும்போது பின்கட்டிலிருந்து இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள்.

மகள் வயதுக்கு வந்த செய்தியை நான் இரண்டாவதாகத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நேரே சித்தியின் அறைக்குப் போயிருக்கிறாள். பிரவீணாதான் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கதான் மொதல்ல பாக்கணும், வாங்க" என்று கூப்பிட்டாள். பெற்றவளுக்கு அந்த இடத்தை அவள் விட்டுக்கொடுத்தாள். நான் போய்ப் பார்த்தேன். சடங்கு நன்றாகவே நடந்தது.

இளைப்பு அதிகமாகி, பிரவீணாவை அருப்புக்கோட்டையில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். ராம்குமார் லோடோடு போயிருந்ததால் நான்தான் துணைக்குப் போனேன். அவளுக்கு முகத்தில் மூடி மாட்டி ஆவி பிடிக்க வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். வயதான மனிதர், பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க வீட்டுக்குப் பெரியவங்க, கவனமாக் கேட்டுக்குங்க. இந்த மாத்திரை கொஞ்சம் எடக்கானது. அளவா இருந்தா மூச்சைத் தொறந்து விடும். அளவு கூடிட்டா நெஞ்சையும் மூளையையும் அடிக்கும். ஒடம்பு நல்லா இருக்கையில ஈரல் இதை அப்பப்பக் கழிச்சு வெளிய தள்ளிரும். கடுமையான காய்ச்சல் வந்தா ஈரல் அந்த வேலையச் சரியாப் பாக்காது. நீங்க குடுக்கிறது அதே மாத்திரைதான். ஆனா நேத்துக் குடுத்தது உள்ளேயே கெடக்கும், இன்னிக்குக் குடுத்தது அது மேல போய்ச் சேரும். காய்ச்சல்னா வீட்டுல வச்சுப் பாக்காதீங்க. மொத எனக்கு போன் பண்ணுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிருங்க."

சரி என்றேன். எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் அவர் சொன்னது நன்றாகப் புரிந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டால் அதே தண்ணீர்தான் முற்றத்தில் நிற்கிறது. அதைப் போலத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரவீணா கேட்டாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாக?"

"வேளை தவறாம மாத்திரை போடச் சொன்னாக."

அதுவும் அவர் சொன்னதுதான். அன்று என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு சாமானை எப்போதாவது உதவும் என்று பரணில் எடுத்து வைப்போம் இல்லையா, அதுபோல எடுத்து வைத்தேன். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் மொட்டை மாடிக்கு மோர்மிளகாய் காயப்போடப் போனேன். படியிலேயே நின்றுவிட்டேன். இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் பிரவீணாவின் மடியில் தலை வைத்திருந்தாள்.

"சித்தி, நான் ஒங்க வயித்துல பொறந்திருக்கலாம்."

பிள்ளைகள் பேசுவதுதான். அதற்காக நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். பிரவீணா சொன்ன பதில்தான் என்னைச் சுட்டது.

"அப்படிச் சொல்லாத பாப்பா. அம்மா பாவம். அவுகளுக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

பாவம் என்றாள். அம்மா, நீங்கள் படித்தவர்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டவர், அதைப் பறிகொடுத்தவரைப் பார்த்துப் பாவம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்குக் கோபமே வரவில்லை. வடிவு இப்போதெல்லாம் சாந்தமாகிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் வெளியே சொன்னதாகக்கூடக் கேள்விப்பட்டேன். பிரவீணாவின் மாத்திரையை நானே வேளை பார்த்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் கூச்சப்படுவாள். "நீங்க எதுக்குக்கா, நான் போட்டுக்கிற மாட்டனா" என்பாள். பழகட்டும் என்று விடாமல் செய்தேன். கோடைக்காலம் முழுவதும் அவள் நன்றாகவே இருந்தாள். எங்கள் பக்கத்து வெயிலில் வியர்க்குரு வரும், கண்கட்டி வரும், காய்ச்சல் அதிகம் வராது. அதற்கு மழை பெய்ய வேண்டும். எங்கள் சீமையில் மழைக்குக் காத்திருக்காதவர் யார்? நானும் காத்திருந்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாயில் தண்ணீர் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சலும் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் சுகப்பிரியாவுக்குத்தான் வந்தது. ஒட்டுவாரொட்டிக் காய்ச்சல், இளைப்புக்காரர்கள் பக்கத்தில் போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பிரவீணா என் மகளை விட்டு நகரவில்லை. அதே பாயில் படுத்தாள். மகள் குடித்து மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்தாள். என் வீட்டுக்காரர்தான், "அந்தப் பிள்ளையத் தள்ளிப் படுக்கச் சொல்லு வடிவு, அதுக்கு ஆகாது" என்றார்.

"பாசமா பாத்துக்கிறா, எப்படிங்க போகச் சொல்றது?" என்றேன்.

மகளுக்குத் தணிந்தது. பிரவீணாவுக்கு ஏறியது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் கையை என் கையில் வைத்துக்கொள்ள முடியாத சூடு. காய்ச்சல் மாத்திரை வீட்டில் இருந்தது. வெறும் வயிற்றில் அது வேண்டாம், குடல் வெந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். நெற்றியில் ஈரத்துணி போட சுகப்பிரியா வந்தாள். குளிர்ச்சி பட்டால் இளைப்பு வரும் என்று துணியை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். கம்பளி போர்த்தினேன். எல்லாம் ஒரு பெரியவள் சொல்கிற பேச்சாகவே இருந்தது. யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

மூச்சு மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தேன். இதை நன்றாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூட நான் கொடுக்கவில்லை. விஷம் கலக்கவில்லை. டாக்டர் எழுதியது எதுவோ அதுதான், எழுதிய அளவுதான்.

ராம்குமார் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான்.

"காய்ச்சல்னு சொன்னாளே மதினி, கெளம்பி வரட்டா?"

"எல்லாருக்கும் வாரதுதான தம்பி. நான் பக்கத்துலயேதான இருக்கேன். வேலைய முடிச்சிட்டு வா."

"நீங்க இருக்கையில எனக்கென்ன கவலை" என்று வைத்துவிட்டான்.

அவளுக்கு வாந்தி வர ஆரம்பித்தது. கை நடுங்கியது, தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். ஒருமுறை மாத்திரையோடு போனபோது வாயை மூடிக்கொண்டாள். அவள் என் பேச்சுக்கு மறுத்தது அந்த ஒரு தடவைதான்.

"இது வேணாங்க்கா. இதப் போட்டாத்தான் நெஞ்சு படபடன்னு அடிக்குது. தூக்கித் தூக்கிப் போடுது."

உடம்பு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது, பாருங்கள். டாக்டர் சொன்னதை அவளிடம் யாருமே சொல்லவில்லை. அவள் உடம்பு தானாகவே கண்டுபிடித்துவிட்டது.

நான் வற்புறுத்தவில்லை. வெளியே வந்து மகளைக் கூப்பிட்டேன். சித்தி மாத்திரை போட அடம்பிடிக்கிறாள், மாத்திரை போடாவிட்டால் மூச்சு நின்றுவிடும், நீ கொடுத்தால் குடிப்பாள் என்றேன். பிள்ளை பயந்துபோய் என்னிடமிருந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓடினாள். அவள் கொடுத்தாள். பிரவீணா குடித்தாள். அதிலிருந்து கடைசி வரைக்கும் சுகப்பிரியாதான் கொடுத்தாள். மாத்திரையை நான் உரித்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். அவள் கொண்டுபோவாள். "சித்தி, எனக்காகச் சித்தி" என்று கெஞ்சுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டாள்.

"அம்மா, சித்தி கை ரொம்ப நடுங்குது. அந்த டாக்டருக்கு ஒரு போன் போடேம்மா."

"அப்பவே போட்டாச்சு. நிறுத்தாமக் குடுக்கச் சொன்னாக."

இந்த முழுக் காரியத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறுநாள், காலை வெயில் முற்றத்தில் இறங்கியிருந்தபோது பிரவீணாவுக்கு வலிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் கிட்டங்கியிலிருந்து ஓடி வந்தார். ஆட்டோவில் ஏற்றினோம். ஒரு தடவை நின்று மறுபடியும் வந்தது. என் மகளின் மடியில்தான் தலை இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார்கள். அந்த மழையில் ஊருக்கு ஊர் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சந்தேகப்படவில்லை. ராம்குமார் வந்து சேர்ந்ததும் எரித்துவிட்டோம். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கடைசி வரைக்கும் பெற்ற தாய்போலப் பார்த்தீர்களே மதினி என்றான். பார்த்தேன்தான்.

சுகப்பிரியா என்னிடம் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச காலம் நான்தான் தலை வாரினேன். இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. அவளால் மாத்திரை விழுங்க முடியாமல் போனது. தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால்கூட உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு கீழே வைத்துவிடுவாள். பன்னிரண்டாவது முடித்ததும் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று மதுரையில் சேர்ந்தாள். நானும் தடுக்கவில்லை. படித்துவிட்டு வந்து வயதான காலத்தில் என்னைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

போன வருஷம் அங்கிருந்து ஒரு போன் வந்தது. வகுப்பில் மருந்துகளைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார்கள். காய்ச்சலில் எந்தெந்த மருந்து உடம்பில் தங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, சித்தி போட்ட மாத்திரையின் பெயரும் வந்திருக்கிறது.

"அன்னைக்கு டாக்டருக்கு போன் போட்டதாச் சொன்னீங்களே, நெசமாப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அன்றுதான் முதல் தடவையாக நீங்கள் என்றாள். காலேஜ் போய் மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வாரமே வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியில் அருப்புக்கோட்டையில் இறங்கி அந்த டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து தனக்கு போனே வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எடுத்துச் சொன்னதும் அவருக்கு நினைவிருந்திருக்கிறது. வந்தவள் என்னைத் திட்டவில்லை. அவளுடைய அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சித்தியக் கொன்னது நான்தான். என் கையாலதான குடுத்தேன்."

பெற்ற மனது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"தெரியாமக் குடுத்ததுக்கு நீ என்னடி பண்ணுவ?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கினாள்.

"அப்ப தெரிஞ்சவுக யாரு?"

என் வீட்டுக்காரர் எழுந்து கிட்டங்கிப் பக்கம் போய்விட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். விருட்டென்று போகவில்லை, மெதுவாகத்தான் போனாள். அடுத்த பஸ்ஸுக்கு மதுரைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள்.

வக்கீல் ஒருவரை என் வீட்டுக்காரர் கூட்டி வந்தார். உடம்பை எரித்தாகிவிட்டது, பரிசோதனை எதுவும் இல்லை, டாக்டர் சொன்னது மறந்துவிட்டது என்று சொன்னால் போதும், கேஸ் நிற்காது என்றார். அவர் சொன்னது சரிதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மேலும் கொஞ்ச காலம் பருப்பு வேகவைத்துக்கொண்டு இருக்கலாம். ஆனால் என் மகள் நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சாப்பிடுவதில்லையாம். செய்தது நான். அந்தப் பெயர் எனக்கு வர வேண்டியது. அதையும் அவள் பிரவீணாவுக்காகச் சுமப்பதில் எனக்கு இஷ்டமில்லை. ஆகவே சொல்கிறேன். பிரவீணாவை நான்தான் கொன்றேன். தெரிந்தே, காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்து கொன்றேன்.

நீங்கள் கேட்காமலே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரவீணா மறுத்ததால்தான் மகளைக் கொடுக்கச் சொன்னேன் என்றேன். அது முழு உண்மையில்லை. நான் இன்னொரு தடவை சொல்லியிருந்தாலே அவள் குடித்திருப்பாள். என் பேச்சை அவள் தட்ட மாட்டாள். மகள் கையால் கொடுக்கச் சொன்னது வேறு காரணத்துக்கு. சித்தியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மடியும் சிரிப்பும் நினைவுக்கு வரக் கூடாது. மாத்திரை கொடுத்த தன் கைதான் நினைவுக்கு வர வேண்டும். அப்போதுதான் அவள் நினைக்காமல் இருப்பாள். நினைக்காமல் இருந்தால் அந்த இடம் காலியாகும் என்று எண்ணினேன். ஒரு தாய் இவ்வளவு தூரம் யோசிப்பாளா என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது. வேறு யார் யோசிப்பார்கள், அம்மா?

முடிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

சுகப்பிரியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று போலீஸ்காரப் பெண் சொன்னாள். காலையிலேயே மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாளாம். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்கிறார்கள். அதெல்லாம் ஒரு சாக்கு. பெற்றவளைப் பார்க்காமல் எத்தனை நாளைக்குத்தான் அவளால் இருக்க முடியும்?